பாதிக் கூடும் பொறுப்புப் பயணிகளும்

ஒரு காட்டில் ஒரு கிணறு இருந்தது. காட்டுக்குள் கிணறு வெட்டியது யார் என்று கேட்கக் கூடாது. கிணறு இருந்தது, அதன் மேல் ஒரு கருவேல மரம் சாய்ந்திருந்தது, அந்த மரத்தில் தூக்கணாங்குருவி இளவட்டங்கள் கூடு தொங்கவிட்டார்கள். இவ்வளவை நம்பிவிட்டால் மீதியை நம்புவது சுலபம்.

அந்த இளவட்டங்களில் ஒருவன் தவசி. பெயர்தான் தவசி. கல்யாண ஆசை அவனுக்குக் கழுத்து வரை இருந்தது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளை கூட்டை முழுதாகக் கட்ட மாட்டான். கவிழ்த்த சட்டி மாதிரி மேல்பாதியை மட்டும் பின்னி, குறுக்கே ஊஞ்சல் போல ஒரு பட்டை விட்டு, அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடுவான். பெண்பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் ஒருத்தி உள்ளே போய் ஊஞ்சலில் உட்காருவாள். அலகால் இழுப்பாள், ஆட்டுவாள், குலுக்குவாள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பாள். கடைசியில் "சரி, கட்டு" என்பாள். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் முட்டை அறையும், கீழே தொங்கும் நீள வாசலும். பாதிக் கூடு என்றால் பெண் தேடுகிறான். முழுக் கூடு என்றால் பெண்டாட்டி இருக்கிறாள். வாசல் வைத்த வீட்டுக்காரனை மற்றப் பெண்கள் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். இது குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

போன மழைக்காலத்தில் தவசியின் கூட்டைப் பார்த்தவர்கள் ஆட்டம் அதிகம் என்று சொல்லிப் போனார்கள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் இருட்டாக இருக்கிறது என்றார்கள். இந்த மழைக்காலத்தில் மட்டும் ஒரு நல்ல சகுனம் தெரிந்தது. பூவாயி என்ற பெண் அந்தப் பக்கமாகப் பறந்து போகும்போது சிறகைக் கொஞ்சம் நிதானப்படுத்தி, "மச்சான், ஊஞ்சலைக் கொஞ்சம் அகலமாப் போடுங்க. அடுத்த வாரம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தவசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் தொங்குகிறவன், முன்பும் நின்றதில்லை. கட்டியதை எல்லாம் பிய்த்துக் கிணற்றில் போட்டுவிட்டு, இளம் பனையோலையாகப் பார்த்துக் கிழித்து வந்து, அகலமான ஊஞ்சலோடு புதுப் பாதி ஒன்று பின்னினான். பிறகு அதில் தொங்கிக்கொண்டு அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தான்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அந்தக் காட்டின் உடும்பு சங்கிலி அண்ணாச்சிக்கு ஒரு மனக்குறை. பக்கத்துக் காட்டுக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து, ஆமைகள் ரோட்டைக் கடக்க உதவி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஆமைகளுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் விருந்தாளிகள் வாடிவிடக் கூடாதே என்று போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். அதற்குக் கைமாறாக அந்தக் காட்டுக்கு மூட்டை மூட்டையாக உலர்பழம் கிடைத்தது. நம் காட்டில் உதவி செய்யும்படி ஒரு குறையும் இல்லையே என்று சங்கிலி அண்ணாச்சி இளைத்துப் போனார்.

அவரிடம் ஒரு செல்போன் இருந்தது. காடு பார்க்க வந்த யாரோ தவறவிட்டது. உடும்பு பிடித்ததை யார் வாங்க முடியும்? கரையான் புற்றின் உச்சியில் நின்றால்தான் அதற்கு சிக்னல். ஒரு நாள் அண்ணாச்சி கருவேல மரத்தடியில் மல்லாந்து படுத்து, பாதிக் கூடுகளைக் கீழிருந்து படம் எடுத்தார். புற்றின் மேல் ஏறி அந்தப் படத்தை உலகத்துக்கு அனுப்பினார். கூடவே நாலு வரி எழுதினார். தரை இல்லை. சுவர் இல்லை. வாசல் இல்லை. ஒரு பட்டையில் உட்கார்ந்து வாழ்கிறார்கள்.

பனித்தேசத்தில் இருந்த சூறைக்குருவிகள் அதைப் பார்த்து அழுதார்கள். கருந்தலையும் இளஞ்சிவப்பு உடம்புமாக, கூட்டம் கூட்டமாகப் பறக்கிற இனம் அது. அங்கே பனி கொட்டத் தொடங்கினால் அவர்கள் இந்தப் பக்கம் சாப்பிடத்தான் வருவார்கள். இந்த வருடம் பொறுப்போடு வந்தார்கள்.

வருவதற்கு முன்பே நம் மொழியைப் படித்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பொறுப்புப் பயணிக்கான கையேடு ஒன்று இருந்தது. போகிற இடத்தில் விளைவதையே உண்ண வேண்டும், குப்பை போடக் கூடாது, கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. நல்ல விதிகள்தான். காட்டெருமையிடம் படம் எடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். எருமை மத்தியானம் முழுவதும் யோசித்தது. அவளும் மத்தியானம் முழுவதும் நின்றாள். கடைசியில் எருமை சாணி போட்டது. அது சம்மதமா இல்லையா என்று அவர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது.

விளைவதை உண்ணும் விதிப்படி, அந்த வருடம் பெருகிக் கிடந்த வெட்டுக்கிளிகளை எல்லாம் ஒன்று விடாமல் தின்று தீர்த்தார்கள். புல் பிழைத்தது, மான்கள் பிழைத்தன. ஆனால் அது சாப்பாட்டுக் கணக்கில் போய்விட்டதால் உதவி என்று யாரும் நினைக்கவில்லை.

உதவி தனியாக நடந்தது. புற்றடியில் மிருகங்களை வரிசையில் நிறுத்தி அவரவர் குறையைக் கேட்டார்கள். தனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று சொன்ன முயலை, நன்றாக யோசித்துவிட்டு வரும்படி வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். அது திரும்ப வரும்போது நொண்டிக்கொண்டு வந்தது. முள்ளம்பன்றி ஒரு சீப்பு கேட்டது. யானை மட்டும் வரிசையில் நிற்கவில்லை. அது நின்றால் வரிசை தெரியாது என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார்.

பெரிய திட்டம் கூடுதான். கூட்டுக்கு ஒரு பயணி என்று பிரித்துக் கொடுத்தார்கள். தவசியின் கூட்டுக்கு வந்தவள் பெயர் யெல்காரா. சின்ன வயசு, முதல் பயணம். வந்தவுடன் வணக்கம் சொல்லிவிட்டு, "உங்கள் இல்லத்தை நான் முடித்துத் தருகிறேன்" என்றாள்.

"வேண்டாங்க யக்கா. அது முடிக்காமத்தான் இருக்கணும்" என்றான் தவசி.

யெல்காரா கையேட்டைப் புரட்டினாள். பயனாளிகள் முதலில் கூச்சத்தால் மறுப்பார்கள், புன்னகை செய்க என்று இருந்தது. அலகை வைத்துக்கொண்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு புன்னகை செய்தாள். தவசி மெனக்கெட்டு அவளுக்கு விளக்கினான். ஊஞ்சல், பெண் பார்க்க வருவது, சரி கட்டு என்று சொல்வது, எல்லாவற்றையும் சொன்னான். அவள் தலையைச் சாய்த்து உருக்கமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த வரியைப் பார்த்தாள். கூச்சம் நீடித்தால் மேலும் புன்னகை செய்க.

தவசி சங்கிலி அண்ணாச்சியிடம் ஓடினான். அண்ணாச்சி அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், உலர்பழ மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன, மொத்தக் காடும் ருசி பார்த்துவிட்டது, இவன் ஒருத்தன் முறைத்தால் நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது என்று கேட்டார். பின்னால் நின்ற கரடியின் வாய் முழுக்கப் பழம். அது தவசியைப் பார்த்த பார்வை சரியில்லை.

மறுநாள் இளவட்டங்கள் எல்லாரும் குளத்தங்கரையில் கலை நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெண்களைக் கூப்பிடுவதற்கு மரத்தில் எப்படித் தொங்கிச் சிறகடிப்பார்களோ, அதையே ஒரு காய்ந்த கொம்பில் செய்து காட்ட வேண்டும். செய்தார்கள். விருந்தாளிகள் கை தட்ட முடியாமல் சிறகு தட்டினார்கள். முடிந்து மரத்துக்குத் திரும்பி வந்தால், அத்தனை கூடுகளும் முழுசாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் பலகை. தவசியின் வாசலில் இருந்த பலகையில், 'இவ்வீட்டை நிறைவு செய்தவர் யெல்காரா, பனித்தேசம்' என்று எழுதியிருந்தது.

அந்த வேலையைப் பார்த்ததும் தவசிக்கு அழுகை வந்தது. முட்டை அறை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வாசல் குழாய் நடுவழியில் யோசனை மாறியது போலத் திரும்பியிருந்தது. முடிச்சுகளோ, குளித்துவிட்டு வந்தவளின் கொண்டை மாதிரி, எப்போது விழலாம் என்று காத்திருந்தன. பக்கத்துக் கொம்பில் அவன் சேக்காளி ஒச்சுவின் கூடு. அதைக் கட்டியவள் அர்சினா என்ற கெட்டிக்காரி, அவள் ஊரில் வலை பின்னுவதில் பேர்போனவள். இழை இழையாக, பார்க்கக் கண் கூசியது.

"பாத்தியா மாப்ளே, மழையே வந்தாலும் என் வீட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள வரும்" என்றான் ஒச்சு. "உன்னுது என்ன, கட்டினதா, கலைஞ்சதா?"

"பேசாம இருடா. பொண்ணுங்க நாளைக்கு வராங்க."

"வரட்டுமே. முழு வீடு பாத்தா வேண்டாம்னா சொல்லப் போறாங்க?"

பொழுது விடிந்ததும் வந்தார்கள். மஞ்சளும் பழுப்புமாகப் பெண்கள் கூட்டம் கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம் அடித்தது. கீச்சுமூச்சு எல்லாம் அடங்கிவிட்டது. பூவாயி மட்டும் தவசியின் வாசலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பலகையை வாசித்தாள்.

"யெல்காரா யாரு?"

"பூவாயி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"பனித்தேசமாம். அம்புட்டு தூரத்துல போயி எடுத்திருக்கீங்க. நம்ம சனத்துல பிள்ளையே இல்லாமப் போச்சா?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கிளம்பும்போது வாசல் குழாயை ஒரு பார்வை பார்த்தாள். "மதினிகிட்டச் சொல்லி வாசலைக் கொஞ்சம் நேரா வைக்கச் சொல்லுங்க. நல்லா இருங்கண்ணே."

அண்ணே. தவசி கொம்பைப் பிடித்திருந்ததால் விழாமல் இருந்தான்.

கருவேல மரத்து இளவட்டங்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் வெளிநாட்டில் பெண் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி மத்தியானத்துக்குள் காடு முழுக்கப் பரவியது. மயில்கள் வந்து வாழ்த்திவிட்டுப் போயின. விருந்து எப்போது என்று காட்டுப்பன்றி கேட்டது. பெண்கள் கூட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாணலில் தொங்கும் கூடுகளைப் பார்க்கப் போகப்போகிறது என்றும் பேச்சு வந்தது. போனால் பூவாயியும் அங்கேயே யாருக்காவது சரி கட்டு என்று சொல்லிவிடுவாள்.

தவசி நேராக யெல்காராவிடம் போனான். இந்தத் தடவை அவள் கையேட்டைத் திறக்கவில்லை. அவன் முகமே அப்படி இருந்தது. எல்லாம் கேட்ட பிறகு, "நான் உங்கள் கல்யாணத்தை அல்லவா நிறுத்திவிட்டேன்" என்று சொல்லி, அப்போதே போய்த் தன் கையால் கட்டியதைத் தானே பிய்க்கக் கிளம்பினாள். சங்கிலி அண்ணாச்சி வாலைக் குறுக்கே போட்டார். மதிப்பீடு முடியாமல் ஓர் இழையைக்கூடத் தொடக் கூடாதாம். திட்டம் முடிந்ததும் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து வேலையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும் என்பது விருந்தாளிகளின் விதி. அந்த வேலைக்கு அண்ணாச்சி தன் சித்தப்பா மகன் ஓணானை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஓணான் எதைக் காட்டினாலும் தலையாட்டும்.

அங்கேதான் தவசிக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

"யக்கா, கூட்டைப் பாத்து நல்லது கெட்டது சொல்ல ஓணானுக்கு என்ன தெரியும்? எங்க பொண்ணுங்களைக் கூப்பிடுங்க. அதுக்குன்னே பொறந்தவங்க."

வந்து நின்றால் பூவாயியிடம் நடந்ததை எடுத்துச் சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. யெல்காரா கையேட்டைப் புரட்டினாள், மகளிர் பங்கேற்பு என்று ஓர் அத்தியாயமே இருந்தது. விருந்தாளிகள் கூட்டம் மகிழ்ச்சியில் ஒரே சுழலாக எழுந்து வானத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கியது. அண்ணாச்சி ஓணானைப் பார்த்தார். ஓணான் அதற்கும் தலையாட்டியது.

பெண்களுக்கு அழைப்புப் போனது. ஆற்றைக் கடக்கப் போனவர்கள் நின்றார்கள். கோபம் இருந்தது, ஆனால் இன்னொருத்தி வீட்டை உள்ளே புகுந்து பார்க்கலாம் என்று அழைப்பு வந்த பிறகு வேண்டாம் என்று சொல்லும் பெண் அந்த இனத்தில் பிறக்கவில்லை.

அண்ணாச்சி கடைசியாக ஒரு முயற்சி செய்தார். மதிப்பீட்டுக்கு முன்னால் ஒவ்வொருவனும் தன் கூட்டில் தளர்ந்த முடிச்சை எல்லாம் இறுக்கி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தவசிக்கு அந்த உத்தரவு தேவையே இல்லை. என்னதான் அவள் கட்டியது என்றாலும் தன் பேரில் தொங்குகிற வீடு. அந்த முடிச்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அலகு நமநமத்தது. பூவாயி பார்க்கும்போது மானம் போகுமே என்று உச்சி வெயிலில் கூட்டுக்குப் போனான்.

உள்ளே யெல்காரா தூங்கிக்கொண்டிருந்தாள். செய்த தப்பைச் சரி செய்யலாம் என்று வந்து, வாசலை நேராக்கப் பார்த்து, இன்னும் கோணலாக்கி, களைத்துப் போய் முட்டை அறையிலேயே சுருண்டுவிட்டாள். தவசி ஒரு முடிச்சை மெதுவாக இறுக்கினான். அவள் தூக்கத்தில் ஏதோ முனகினாள். தூங்குகிற விருந்தாளியை எழுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கொம்பில் போய் உட்கார்ந்தான்.

அவள் எழுவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் ஒச்சுவின் கூடு. சிட்டம்மா என்ற பெண் வாசலைப் பிடித்து இழுத்தாள், ஆட்டினாள், தொங்கிக் குலுக்கினாள். மரம் ஆடியது, கூடு ஆடவில்லை. விருந்தாளிகள் சிறகு தட்டினார்கள். அர்சினா தலை குனிந்து வணங்கினாள். சிட்டம்மா மூச்சு வாங்க ஒச்சுவிடம் திரும்பி, "உறுதின்னா உறுதி. கட்டினவளைக் கண் கலங்காம வச்சுக்கங்கண்ணே" என்றாள். ஒச்சுவின் மார்பில் இருந்த மஞ்சள் அப்படியே வெளுத்துப் போனது.

அடுத்தது தவசியின் கூடு. பூவாயிதான் வந்தாள். அவன் வாய் திறப்பதற்குள் வாசல் வழியாகத் தலையை விட்டவள், வெளியே எடுத்தாள்.

"உள்ள யாரோ தூங்குறாங்க."

"அது வந்து..."

"செவப்பா இருக்காங்க."

"பூவாயி, சத்தியமா அவங்க வீட்டைச் சரி பண்ண வந்தவங்க."

"ஆமா. வீட்டுக்காரிதான வீட்டைச் சரி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் வந்த வேலையை முடிப்போம் என்று ஓர் இழையை எட்டிப் பிடித்து இழுத்தாள். வழக்கமாக இழுப்பதைவிடக் கொஞ்சம் பலமாகவே இழுத்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இழை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அப்புறம் வாசல் குழாய், முட்டை அறை, யெல்காரா, பலகை என்று எல்லாம் வரிசையாக வந்தன. மொத்தமும் கிணற்றுக்குள் போனது. தண்ணீரைத் தொடுவதற்கு முன் கண் விழித்த யெல்காரா அலறிக்கொண்டு மேலே பறந்து வந்து, நேராக எருமையின் முதுகில் போய் உட்கார்ந்தாள். பலகை மட்டும் மிதந்தது. கிணற்றுத் தவளை ஒன்று அதில் ஏறி உட்கார்ந்து, இதைத்தான் இத்தனை நாளாகக் கேட்டேன் என்பது போல மேலே பார்த்தது.

விருந்தாளிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கொம்பில், கவிழ்த்த சட்டி மாதிரி, மேல்பாதி மட்டும் ஓர் இழை பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தது. குறுக்கே ஊஞ்சல், புது ஓலையில், அகலமாக.

பூவாயி அதையே பார்த்தாள். பிறகு பறந்து போய் அதில் உட்கார்ந்தாள். இழுத்தாள். அசைத்தாள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.

"இது யாரு பின்னுனது?"

"நான்."

"கீழ போனது?"

"அந்தக்கா. உதவிக்கு வந்தாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க."

"ஊஞ்சல் எதுக்கு இம்புட்டு அகலம்?"

"நீதான சொன்னே."

அவள் கொஞ்ச நேரம் சும்மா ஆடினாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் தவசிக்கு இரண்டு மழைக்காலம் கடந்து போனது.

"அப்ப இனிமேதான் கட்டணும்."

"ஆமா."

"சரி, கட்டு மச்சான்" என்றாள் பூவாயி.

அதைக் கேட்டதும் மற்றப் பெண்கள் ஒவ்வொரு கூடாகப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார்கள். கிணற்றுக்குள் பனித்தேசத்து வேலை மழையாகப் பொழிந்தது. வேலை கைவராத பயணிகள் கட்டியதெல்லாம் விழுந்தது. அவனவன் பின்னிய மேல்பாதி நின்றது. மாலைக்குள் மரம் முழுக்கச் சரி கட்டு, சரி கட்டு என்ற சத்தம்தான். கெட்டிக்காரப் பயணிகள் கட்டிய கூடுகள் மட்டும் கம்பீரமாக, முழுசாக, பெண் வாசனை இல்லாமல் தொங்கின.

விருந்தாளிகளின் அறிக்கையில் இதெல்லாம் வேறு மாதிரி பதிவாகியது. விழுந்த கூடுகள் தோல்வி, நின்ற கூடுகள் வெற்றி. அட்டையில் ஒச்சுவின் படம். அழகான வீட்டு வாசலில் தனியாக நிற்கிறான், கண்ணில் நீர். ஆனந்தக் கண்ணீர் என்று கீழே போட்டிருந்தது. அவனைக் கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தார்கள்.

யெல்காரா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். தவசியும் பூவாயியும் வழியனுப்ப வந்து, கட்டாயம் அடுத்த வருடமும் வர வேண்டும் என்று அவளை வற்புறுத்தினார்கள். அவள் நம்பவில்லை. ஒப்புக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. தவசியின் வீட்டு வாசலில் குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. ஒச்சு வேறு கொம்பில் புதிதாக ஒரு பாதி பின்னியிருந்தான். பயணிகள் வரும் நாளில் புற்றடியில் இளவட்டங்களின் வரிசை, ஒச்சுதான் முதல் ஆள். எல்லாருக்கும் ஒரே கோரிக்கை. எங்கள் கூட்டுக்கு யெல்காரா மேடம்தான் வேண்டும். சங்கிலி அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. இருந்ததிலேயே மோசமான வேலைக்காரிக்கு இத்தனை கிராக்கியா என்று புற்றின் மேல் உட்கார்ந்து யோசித்தார்.

வானத்தில் இளஞ்சிவப்பு மேகம் தெரிந்தது. முதல் ஆளாக யெல்காரா வந்து இறங்கினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வரிசையைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோனாள். போன வருட அவமானத்தை மறக்கவே இல்லை என்றும், வெயில் காலம் முழுவதும் அர்சினாவிடம் உட்கார்ந்து பின்னல் பழகியதாகவும் சொன்னாள்.

"இனி நான் போட்ட முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது" என்றாள்.

வரிசை கலைந்த வேகத்தில் புற்றடியில் புழுதி எழுந்து அடங்க நெடுநேரம் ஆனது. ஒச்சுவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நீதி: வெளிநாடு போய் அங்குள்ள மக்களுக்கு உதவ விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம், ஆனால் வேலையைக் கற்றுக்கொண்டு மட்டும் போகக் கூடாது.